பக்கத்துச் சமாதியில் வைத்த முட்டை

பழனிசெட்டிபட்டியில் நான் வைத்திருக்கும் சின்னக் காய்கறிக் கடைக்குத் தினமும் காலையில் முட்டைக்கோசு மூட்டை வந்து இறங்கும். சாக்கின் வாயைப் பிரித்ததும் ஒரு வாசம் எழும். ஈரமும் பச்சையும் லேசான காரமுமாக இருக்கும். வாங்க வருகிறவர்களுக்கு அது கோசு வாசம். எனக்கு மட்டும் ஒரு நொடி, காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டியிருப்பதுபோலவும் விரல்கள் குளிரில் விறைத்திருப்பதுபோலவும் இருக்கும்.

மலேசியாவில் கேமரன் மலை என்ற இடத்தில் மூன்று வருடம் கோசு வெட்டினேன். மலேசியா என்றால் ஊரில் எல்லாரும் அந்த இரட்டைக் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அதை ஒரே ஒரு தடவை, வேன் ஜன்னல் வழியாக, பாதித் தூக்கத்தில் பார்த்தேன். மற்றபடி நான் பார்த்ததெல்லாம் மலை, மஞ்சு, கோசு. மலை என்னவோ நம் மேகமலை மாதிரிதான் இருந்தது. அதே தேயிலை, அதே சாரல். போன முதல் வாரம், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். இப்போது சாரல் அடிக்கிற நாளில் மேகமலைப் பக்கம் பார்த்தால் அந்த மலைதான் ஞாபகம் வருகிறது.

தோட்டத்து முதலாளி சீனர். அங்கே முதலாளியைத் தவுக்கே என்பார்கள். அறுபது வயது இருக்கும். சிறுபிள்ளையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். அவருடைய அக்காவும் பேசுவார். திட்டுவதற்கு இருவருக்குமே தமிழ்தான் வசதி. காலை ஆறு மணிக்கே அவர் சத்தம் சரிவு முழுக்கக் கேட்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு நின்று பேச எனக்கு எப்போதுமே வராது. கேட்டதற்குத் தலையாட்டுவேன். அதனாலேயே என்னை நல்ல வேலைக்காரன் என்று நினைத்துவிட்டார்.

நான் போன அடுத்த தை மாதம் ஒரு நாள் காலையில் தம்பி போன் செய்தான். 

"அண்ணே, அப்பா போயிட்டாக."

கையில் கத்தியோடு நின்றேன். எப்போது, எப்படி என்று கேட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். அப்புறம் அவன் கேட்டதைத்தான் இத்தனை வருடமும் மறக்க முடியவில்லை.

"வர்றியாண்ணே? ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கேன். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வச்சிருக்கவா?"

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். ஆள் போதாமல் தோட்டமே ஓடிக்கொண்டிருந்தது. தவுக்கே பத்தடி தூரத்தில், லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தடி நடந்து, அப்பா இறந்துவிட்டார், ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்து, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

"வைக்க வேணாம். நீயே பாத்துக்க" என்றேன் போனில்.

"மூத்தவன் நீ இருக்கயிலயா?"

"பாத்துக்கடா."

சரி என்று வைத்துவிட்டான். நான் சாயங்காலம் வரை கோசு வெட்டினேன். கருமாதிக்கும் போகவில்லை. சாவுக்கே சொல்லாதவன் கருமாதிக்கு எந்த முகத்தோடு லீவு கேட்பது என்று அதற்கும் வாய் திறக்கவில்லை. கொள்ளி வைத்ததும் மொட்டை போட்டதும் தம்பிதான்.

கருமாதி முடிந்து அத்தை ஒரு நாள் கூப்பிட்டது. "ஏலே, ஒங்கப்பனுக்கு மூத்தவன்னு பேருக்கு நீ ஒருத்தன். சின்னவன் மொட்டத்தலையோட நின்னதப் பாக்கச் சகிக்கல. அங்கன அப்படி என்னத்தடா வெட்டிக் கிழிக்கிற?"

கோசு என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். நான் கூப்பிட்டால், "அம்மாட்டக் குடுக்குறேன்" என்று கொடுத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவன் என்னைக் கேட்டான், நான்தான் தவுக்கேயைக் கேட்கவில்லை. வருடம் திரும்பும்போது தலைத் திதி வரும். எங்கள் பக்கம் சுருளித் தீர்த்தத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்போம். அதில் உட்கார வேண்டியவன் மூத்தவன். அதற்காவது தம்பி என்னை வா என்பானா, அதையும் அவனே முடித்துவிடுவானா? கோசு வெட்டும்போதும், பெட்டி தூக்கும்போதும், தகரக் கொட்டகையில் படுத்திருக்கும்போதும் எனக்கு அதே நினைப்புத்தான். அவன் முடித்துவிட்டால் நான் அந்த வீட்டில் வெறும் ஆள்.

பங்குனிக் கடைசியில் தவுக்கே ஒரு நாள் வந்து, "தம்பி, ஞாயித்துக்கிழமை புல்லு வெட்டணும்" என்றார்.

"எங்கன தவுக்கே?"

"எங்கப்பா மேல."

அவர்களுக்கு அது சேங் பெங். வருடத்துக்கு ஒரு தடவை குடும்பமே சமாதிக்குப் போய்ச் சுத்தம் செய்து, படையல் வைத்து, சாப்பிட்டு வருகிற நாள். தவுக்கேயின் பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். அவர், அக்கா, நான் மூன்று பேரும் பழைய ஜீப்பில் போனோம். என் மடியில் ஒரு முழுக் கோழி இருந்தது. வேகவைத்து, தலையோடு, ஒரு தட்டில் உட்காரவைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு அது என்னைப் பார்த்தது.

இடுகாடு ஒரு மலைச்சரிவு. நம் பக்கம் மாதிரி மண்ணோடு மண்ணாக இல்லை. ஒவ்வொரு சமாதியும் குதிரை லாடம்போல வளைந்த சுவர், நடுவில் கல், பின்னால் மண்மேடு என்று சின்ன வீடு மாதிரி இருந்தது. அன்றைக்குச் சரிவு முழுக்கக் கூட்டம். குடை, பாய், பிளாஸ்டிக் நாற்காலி, குழந்தைகள், ஊதுபத்திப் புகை. நம் சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி ஆற்றங்கரை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. யார் முகத்திலும் துக்கம் இல்லை. எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை.

புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வெட்டுவது எனக்குப் பழக்கம். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் களை எடுத்த கை. ஒரு மணி நேரத்தில் மேடு தெரிந்தது. அக்கா ஒரு சின்ன டப்பாவில் சிவப்புப் பெயின்டும் தூரிகையும் கொடுத்து, கல்லில் மங்கியிருந்த எழுத்துகளைத் தடவச் சொன்னார். எனக்குச் சீன எழுத்து எங்கே தெரியும்? பள்ளம் போன வழியில் தூரிகையை விட்டேன்.

"பாரு, உன் மகனுங்கள விட நல்லா எழுதுறான்" என்றார் அக்கா.

"அவனுங்க இங்கிலீசுல எழுதுவானுங்க" என்றார் தவுக்கே.

மேட்டின்மேல் வண்ணக் காகிதங்களைப் பரப்பிக் கல் வைத்தார்கள். கல்லுக்கு முன்னால் கோழி, பன்றி இறைச்சி, அவித்த முட்டை, சோறு, ஆரஞ்சு, சிவப்புப் பணியாரம், மூன்று சின்னக் கோப்பையில் தேநீர். ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டார்கள். அப்புறம் சும்மா உட்கார்ந்துகொண்டார்கள்.

"அப்பா சாப்பிடணும். அவசரப்படுத்தக் கூடாது" என்றார் தவுக்கே. சாப்பிட்டு முடித்தாரா என்று எப்படித் தெரியும் என்பதற்கு அவர்களிடம் வழி இருந்தது. இரண்டு காசை உள்ளங்கையில் குலுக்கிக் கீழே போடுவார்கள். ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் இல்லை. ஆமாம் வந்த பிறகுதான் காகிதத் துணிமணிகளை எரிப்பார்கள். அதற்கப்புறம்தான் எல்லாரும் சாப்பிடலாம்.

அந்தக் காத்திருப்பில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சோறும் முட்டையும் படையலில் இருந்தன. ஒருவருக்கும் முதல் பிடி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நம் வழக்கத்தில் முதல் பிடி காக்கைக்கு. காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் வைப்போம். எடுக்காவிட்டால் போனவர் மனதில் குறை இருக்கிறது என்று வீடே கலங்கும். அப்பாவுக்கு நான் அந்த ஒரு பிடிகூட வைத்ததில்லை. அவர்கள் இருவரும் காகிதக் கட்டைப் பிரிப்பதில் இருந்தார்கள். ஒரு முட்டையையும் ஒரு பிடிச் சோற்றையும் எடுத்தேன். உயரமாக வைக்க வேண்டுமே என்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன்மேல் வைத்துவிட்டு, மெதுவாக, "கா, கா" என்றேன்.

ஒரு காக்கை இல்லை. மரத்தைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். எதுவும் வரவில்லை.

வந்தது அக்காதான். "ஐயோ! என்ன பண்ற நீ?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அது யாரு சமாதி தெரியுமா? எங்கப்பாவுக்கும் அந்த ஆளுக்கும் மார்க்கெட்டுல விலைத் தகராறு, முப்பது வருசம் பேச்சு கிடையாது! எங்கப்பா தட்டுல எடுத்து அவனுக்கு வைக்கிறியா?"

அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சுவராகத் தெரிந்தது பக்கத்துச் சமாதியின் வளைவு. உள்ளே கல்லில் ஒரு பெரியவர் படத்திலிருந்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவுக்கே அவசரமாகக் காசைக் குலுக்கிப் போட்டார். இரண்டும் எண். மறுபடி போட்டார். இரண்டும் பூ.

"சாப்பிடலை. கோபம்" என்றார் அக்கா. "எப்படிச் சாப்பிடுவாரு?"

வைத்ததைத் திரும்ப எடுக்கவும் கூடாதாம். தவுக்கே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அந்தச் சமாதிக்குப் போனார். சீனத்தில் ஏதோ சொல்லிக் குனிந்தார். திரும்பி வந்து என்னிடம் தமிழில் சொன்னார்: "சரி, நீயும் தின்னுட்டுப் போன்னு சொல்லிட்டேன். விலை மட்டும் பேசாதேன்னேன்." மூன்றாவது தடவை காசு ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தது. அக்கா மூச்சு விட்டார்.

அப்புறம் தவுக்கே என் பக்கம் திரும்பினார். "நீ திருடித் தின்னிருந்தாக்கூட எனக்குப் புரியும். ஏன் அங்க வச்ச?"

"காக்காய்க்கு, தவுக்கே."

"காக்காய்க்கு ஏன்?"

தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவர். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. முகம் மாறியது.

"யாரு?"

"அப்பா."

"எப்போ?"

"தை மாசம். சீனப் பெருநாளுக்கு முன்னாடி."

"லாரி லோடு ஏத்திக்கிட்டு இருந்தமே, அப்பவா? நீ போன வச்சுக்கிட்டு நின்னியே, அன்னைக்கா?"

தலையை ஆட்டினேன்.

"நான் உன்னைக் கேட்டேனே! என்னன்னு கேட்டேன். நீ தலைய இப்படி ஆட்டுன." என்னைப் போலவே ஆட்டிக் காட்டினார். "அன்னைக்கு மத்தியானமே உன்னை பிளேன் ஏத்தி விட்டிருப்பேன். நான் என்ன மிருகமா? எங்கப்பா புல்லை வெட்ட உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு!" அவர் குரல் உடைந்தது. காலையில் சரிவு முழுக்கக் கேட்கும் குரல் அது. எனக்கு மண்ணைப் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் அனுப்பமாட்டார் என்று நானாக வைத்திருந்த சமாதானமும் அதோடு போய்விட்டது.

அக்கா காகிதக் கட்டிலிருந்து ஒரு சட்டை, கால்சட்டையை உருவினார். எல்லாம் காகிதம். பொத்தான்கூடக் காகிதத்தில் இருந்தது. "உங்கப்பா பேரை எழுது. பேர் இல்லாட்டி வழியில வேற எவனாவது எடுத்துப் போட்டுக்குவான்."

"தமிழ்லதான் எழுதத் தெரியும்."

"அங்க தமிழ் படிக்க ஆள் இருக்காதா? இந்த மலையில எத்தனை தமிழாளுங்க செத்திருக்காங்க" என்றார்.

"அவுக கால்சட்டை போடமாட்டாக. வேட்டிதான்."

"குளிருக்குப் போட்டுக்கச் சொல்லு."

எழுதினேன். முதல் வகுப்பில் சிலேட்டில் எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். ஊர் தேனி என்றும் எழுதினேன். தவுக்கே, "உங்க ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டு, மேற்குப் பக்கமாக ஒரு தட்டில் சோறு, முட்டை, ஒரு கோப்பைத் தேநீர் வைத்தார். பன்றி வேண்டாம் என்று அவரே தள்ளிவைத்தார். இரண்டு காசையும் என் கையில் கொடுத்தார்.

"கேளு. என்ன கேக்கணுமோ கேளு. சத்தமாக் கேளு, தூரம்."

இருவரும் பக்கத்தில் நிற்க, சரிவில் அத்தனை குடும்பம் இருக்க, எனக்கு வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, எம்மேல கோவமா?"

காசைப் போட்டேன். ஒன்று பூ. ஒன்று எண்.

தவுக்கே அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமாம் என்று வந்தால் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. அக்கா மட்டும் குனிந்து காசைப் பொறுக்கியபடி சொன்னார்: "நல்லதுதான். கோபம்னா வந்துட்டாருன்னு அர்த்தம். வராத ஆளு எப்படிக் கோவிப்பாரு?"

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. தை மாதத்திலிருந்து வராதது அப்போது வந்தது. யாரும் தடுக்கவில்லை. பக்கத்துக் குடும்பத்தில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டை கொடுத்துப் போனார். சட்டையையும் கால்சட்டையையும் நானே தகர டின்னில் போட்டு எரித்தேன். அப்பாவின் பெயர் கடைசியாக எரிந்தது.

புகை அடங்கும் முன்பே தம்பிக்குப் போன் போட்டேன். தேனியில் காலை ஏழரை மணி இருக்கும்.

"அம்மாட்டக் குடுக்குறேன்" என்றான்.

"குடுக்காத. ஒன்னோடதான் பேசணும். அப்பா கோவமா இருக்காக."

"என்னது?"

"அப்பா எம்மேல கோவமா இருக்காகடா."

"நானுந்தான் இருக்கேன்" என்றான்.

"தெரியும். நீ வச்சிருக்கவான்னு கேட்ட. எனக்கு முதலாளிட்ட லீவு கேக்க வாய் வரல. பத்தடி தூரத்துலதான் நின்னாரு. கூச்சமா இருந்துச்சு. அதான். வேற ஒண்ணும் இல்ல."

"கூச்சமா?"

"ஆமா."

"நாங்க ஒனக்கு வேணாமாப் போயிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேண்ணே நான். மூணு மாசமா. கூச்சமாம்ல!" அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "சின்னதுல கம்பத்துல பஸ்ஸ நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, கூடலூர் வரைக்கும் போய் எறங்குன ஆளுதான நீ."

"அதுக்கு இன்னும் என்னய விடமாட்டியா?"

"எதுக்கும் விடமாட்டேன். இந்தா பாரு, தலைத் திதிக்கு நீ வந்து உக்காரு. எள்ளு ஒன் கையில. நீ வரலைன்னா நான் தொடமாட்டேன். அது அப்படியே கெடக்கட்டும். அப்பா ரெண்டு பேரு மேலயும் கோவமா இருந்துட்டுப் போகட்டும்."

வைத்துவிட்டான்.

தவுக்கேயும் அக்காவும் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தவுக்கே கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது பத்தடிகூட இல்லை. நடந்து போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"தவுக்கே, தை மாசம் எனக்கு லீவு வேணும். ஊருக்குப் போகணும். எங்கப்பாவுக்குத் திதி."

"எத்தன நாளு?"

"நாலு."

"போக ஒரு நாளு, வர ஒரு நாளு. ரெண்டு நாள்ல என்ன செய்வ? பத்து நாள் போ. பெருநாளுக்கு முன்ன வந்துடணும், என்னா?"

"வந்துர்றேன்."

"உக்காரு. தின்னு."

எங்கள் ஊரில் இடுகாட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் எதையும் தொடுவோம். நான் அவர்கள் பாயில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு கோழித்தொடையை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு நல்ல பசி. கோழியில் உப்புக் கம்மியாக இருந்தது. அதையும் சொன்னேன்.